ஜாஸ்பர் எழுதிய ராஜா கதை

விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் ஜாஸ்பர், முதலில் மில்லைப் பற்றித்தான் நாவல் எழுதினார். "மில் கதையை எவன்வே வாங்குவான்? இப்ப ராஜா கதைதான் ஓடுது" என்று பாளையங்கோட்டைப் பதிப்பாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஜாஸ்பர் முகம் கோணவில்லை. மில்லைக் கோட்டையாக்கினார். மேஸ்திரிக்கு வாள் கொடுத்துத் தளபதியாக்கினார். ஷிப்டுக்கு ஊதும் சங்கைப் போருக்கு ஊதவைத்தார். எழுதி முடிக்க இரண்டு வருடம் ஆனது.

பதிப்பாளர் ஒரு வாரம் வைத்திருந்து படித்தார். "கதை நல்லாத்தான் இருக்கு. எதிரி கோட்டை வாசல்ல நிக்கான். ஆனா வியாழக்கிழமை வந்தா மட்டும் ஒரு பயலும் வாளைத் தொட மாட்டேங்கான். அது ஏன்வே?"

ஜாஸ்பருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"அன்னைக்கு வார லீவுல்லா அண்ணாச்சி" என்றார்.