கமலா அக்கா பாட்டும் இரண்டு கம்பெனி இணைப்புகளும்

வீட்டில் பாட்டுப் பதிவு செய்யும் தொழிலில் பாட்டைப் பதிவு செய்வது கடைசி வேலைதான். அதற்கு முன்னால் குக்கர், மோட்டார் சைக்கிள், மீன் லோரி ஹாரன், சொந்தப் பிள்ளை என்று எல்லாவற்றின் வாயையும் மூட வேண்டும். வீட்டிலிருந்தே தொழில் பார்க்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலும் இதே கூத்துதான். இந்த வருஷம் எங்கள் செம்பனைத் தோட்டத்துக் கோயில் ஆடித் திருவிழாவில், ரதத்துக்கு முன்னால் கமலா அக்கா பாடிய பாட்டு ஒலிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அது கடைசி நேரத்தில் ஒலிக்காமலே போகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன், ஆனால் நான் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தேன் என்பதிலிருந்து தொடங்கினால்தான் சரியாக இருக்கும்.

ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர்

முன்பு ரவாங்கில் ஒரு கணினி கம்பெனியில் இருந்தேன். பழுதான கணினிகளைப் பற்றி ஃபோனில் வரும் புகார்களைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை. ஒருநாள் எங்கள் கம்பெனியும் இன்னொரு கம்பெனியும் இணைகின்றன என்று கேக் வெட்டினார்கள். மறுவாரம் பார்த்தால் ஒவ்வொரு நாற்காலிக்கும் இரண்டு பேர்.

மேலாளர் சுப்ரா சார் என்னைத் தனியே கூப்பிட்டார். இணைப்பு என்றால் எல்லாரும் ஒரே குடும்பம் என்று அரைமணி நேரம் பேசிவிட்டு, வேலை முடிந்தது என்ற கடிதத்தைக் கையில் கொடுத்தார். கடைசி நாள் நான் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்தும் இடத்துக்குப் போனால், அங்கே அவரும் ஓர் அட்டைப் பெட்டியோடு நிற்கிறார். கம்பெனி கொடுத்த காடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரே குடும்பமாயிட்டோம்மா. என்னை பஸ் ஸ்டேஷன்ல இறக்கி விட்டுடு."

கதவைச் சாத்து

கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டில் நல்ல மைக் ஒன்றும், பாட்டைப் பதிந்து வெட்டி ஒட்டும் மென்பொருள் ஒன்றும் வாங்கினேன். அறையில் பாடினால் சுவரில் பட்டுக் குரல் திரும்பி வந்தது. துணி சத்தத்தைக் குடித்துவிடும் என்று கண்டுபிடித்து, மைக்கைத் துணி அலமாரிக்குள் மாட்டினேன். புடவைகளுக்கு நடுவில் ஓர் ஆள் நிற்கலாம். இதுதான் என் ஸ்டூடியோ.

கமலா அக்காவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கோயில் தலைவர் முனியன் அண்ணன், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், அம்மன் மேல் ஒரு பாட்டு எழுதி, அதை அக்காதான் பாட வேண்டும் என்றார். அக்காவோ யாராவது பார்த்தால் குரல் அடைத்துக்கொள்கிற ஆள். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பாடுவார் என்பதே தெரியாது. நாலு நாள் வந்து, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். ஐந்தாம் நாள் அலமாரிக் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். உள்ளேயிருந்து ஒரே மூச்சில் முழுப் பாட்டும் வந்தது. கடைசி வரி முடிந்த கையோடு, அதே பதிவில் அக்காவின் குரல்: "இந்த ஊதாப் புடவை எங்க வாங்கினே?"

பின்வீட்டுக் குருவிகள்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பறவை வீடு இருக்கிறது. சூப் வைக்க விலைபோகும் கூட்டுக்காகக் குருவிகளைக் குடிவைக்கிற, ஜன்னல் இல்லாத மூன்று மாடிக் கட்டடம். நிஜக் குருவிகளை அழைக்க, காலையிலிருந்து ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். கமலா அக்கா மூச்சு விடும் இடத்திலெல்லாம் 'கிச் கிச்'. மென்பொருளால் அந்தச் சத்தத்தைச் சுரண்டினால் அக்கா குரலும் சேர்ந்து தேய்ந்தது. இரண்டு நாள் போராடிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு முனியன் அண்ணனைக் கேட்க வைத்தேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். "அம்மன் தோட்டத்துல குடியிருக்கா. குருவி கத்தத்தான் செய்யும். விடும்மா, நல்லாத்தான் இருக்கு."

மரியாதையாகக் கேட்டது

அதன் பிறகு கமலா அக்காவுக்குத் தூரத்து ஜொகூரில் இன்னும் நல்ல வேலை கிடைத்தது. விடுதியில் தங்கல், ஆறு மாதத்துக்கு லீவு கிடையாது. திருவிழாவுக்கு ஒன்பது நாள். அக்கா குரலோடு உறுமிச் சத்தத்தைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

அன்று பிள்ளைக்கு ஊசி போட கிளினிக் போயிருந்தேன். வீட்டுக்காரர் பந்து விளையாட்டுப் பார்க்கக் கணினியைத் திறந்திருக்கிறார். திரையில் ஓர் அறிவிப்பு: மென்பொருள் கம்பெனி வேறொரு பெரிய கம்பெனியோடு இணைந்துவிட்டது, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாமா? நான் வந்து பார்க்கும்போது புதியது உட்கார்ந்திருந்தது. பழைய வேலைகளில் எதைத் தொட்டாலும், இந்தக் கோப்பைத் திறக்க முடியாது என்றது. கமலா அக்கா பாட்டும் அதற்குள்தான். நான் முறைத்த முறைப்பில் வீட்டுக்காரர் கையில் இருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "அது மரியாதையா கேட்டுச்சு. நானும் மரியாதையா சரின்னுட்டேன்."

வெள்ளிக்கிழமை வரைக்கும்

உதவி மையத்துக்கு ஃபோன் போட்டேன். முக்கால் மணி நேரம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள். பெயர் காயத்ரி. என் தமிழ் வாடையைக் கண்டுபிடித்துத் தமிழுக்கு மாறினாள். பழைய வேலை இனி திறக்காது, ஆனால் மைக்கில் பதிந்த ஒலித் துண்டுகள் கணினியில் அதே கோப்புறைக்குள் தனித்தனியாகக் கிடக்கும், அவற்றை எடுத்து வேறு எதிலாவது ஒட்டிக்கொள்ளலாம் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். இன்னும் சந்தேகம் வந்தால் உன்னையே கூப்பிடலாமா என்றேன். "வெள்ளிக்கிழமைக்குள்ள கூப்பிடுங்கக்கா. அதுக்கப்புறம் நானும் இங்க இருக்க மாட்டேன், இணைச்சுட்டாங்க."

பெயரில்லாத துண்டுகள்

துண்டுகள் இருந்தன. நூற்றுக்கு மேல். ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். பதியும்போதே 'கமலா, முதல் சரணம்' என்று நான் தட்டி வைத்திருக்க வேண்டும்; அப்புறம் செய்யலாம் என்று விட்டது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். இருமல், சிரிப்பு, யாரோ ஒரு மாப்பிள்ளை பாடிய பிறந்தநாள் வாழ்த்து. மூன்றாம் நாள் அக்காவின் பாட்டு கிடைத்தது. ஆனால் இரண்டாம் சரணத்தில் இரண்டு வரி மேல் மீன் லோரி ஹாரன் அடித்திருந்தது. அந்த வரிகளை மட்டும் அக்கா மறுநாள் திரும்பப் பாடியிருந்தார். அந்தத் துண்டைத்தான் காணோம். வேண்டாதது என்று நானே துடைத்திருப்பேன்.

அக்காவைக் கூப்பிட்டு, விடுதிக் கட்டிலில் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு கைப்பேசியில் அந்த இரண்டு வரியைப் பாடி அனுப்பச் சொன்னேன். ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று, வரவில்லை. மூன்றாம் நாள் அக்காவே கூப்பிட்டார்: "போர்வையை மூடினாலே ரூம்ல உள்ள பிள்ளைங்க எனக்குக் காய்ச்சல்னு கஞ்சி வச்சுக் குடுக்குதுங்க. எங்க பாடுறது?"

தேநீர் வேளை

கடைசியில் அந்த அறைத் தோழிகளிடமே உண்மையைச் சொல்லி, அவர்களை உட்கார வைத்தே அக்கா பாடியிருக்கிறார். பாட்டு வந்தது. குரல் கொஞ்சம்கூட அடைக்கவில்லை. அதை ஒட்டி, உறுமியையும் சேர்த்து முடித்தேன்.

திருவிழாவன்று சாயங்காலம் முனியன் அண்ணனின் லோரி குளித்து, மாலை போட்டு, ஒலிபெருக்கியோடு ரதத்துக்கு முன்னால் நின்றது. அக்காவுக்கு அங்கே தொழிற்சாலையில் தேநீர் வேளை. கைப்பேசியில் கூப்பிட்டு, அதை ஒலிபெருக்கிப் பக்கம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். பாட்டு ஓடியது. பெண்கள் குலவை போட்டார்கள், இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். லைன் போய்விட்டதோ என்று, "அக்கா, கேட்டுச்சா?" என்றேன். "கேட்டுச்சுலா. பாடினது நான்தான்னு பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட ஒருவாட்டி சொல்லிடு."

எந்தக் கம்பெனி எப்போது எதோடு இணையும் என்று நமக்குத் தெரியாது என்பதால், இப்போதெல்லாம் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் எழுதி, மூன்று இடத்தில் பிரதி வைத்து, கணினிக்குக் கடவுச்சொல்லும் போட்டிருக்கிறேன், அதை வீட்டுக்காரர் எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் சொல்வதாக இல்லை.