கலர்ப் படத்தில் குளம், நேரில் கடல்

மெல்பனில் பள்ளிக்குக் கோடை விடுமுறை டிசம்பரில்தான். "இலங்கையில் எது நல்ல கடற்கரை?" என்று எங்கள் புறநகரான டண்டினொங்கில் ஒரு பயண முகவரிடம் கேட்டோம். "நிலாவெளி. கடல் குளம் மாதிரி இருக்கும்" என்று சுவரில் மாட்டியிருந்த கலர்ப் படத்தைக் காட்டினார். கடல் பழக்கமில்லாத மதுரைக்காரர்களான நாங்களும் நம்பிப் போனோம்.

கடல் கறுத்துக் கொந்தளித்தது. முழங்கால் தண்ணீரில் நின்ற எங்கள் சின்ன மகளை ஓர் அலை சுருட்டி இழுத்தது. கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த மீனவர் பாய்ந்து, அவள் தலைமுடியைப் பிடித்துக் கரைசேர்த்தார்.

"மார்கழியில ஆரும் இந்தக் கடலுக்க இறங்குவினமே? நாங்களே வள்ளத்தை மேல இழுத்து விட்டிருக்கிறம், காணேல்லையோ?" என்று கத்தினார்.

மெல்பன் திரும்பியதும் நேரே முகவரிடம் போனேன். "டிசம்பர் சம்மர்தானே, மேடம்?" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சம்மர் இங்கே! அங்கே மழைக்காலம். என் பிள்ளை செத்திருப்பாள்!"

படத்தைக் கழற்றச் சொன்னேன். கழற்றவில்லை.

இப்போதெல்லாம் எந்தக் கடற்கரைக்கும் போகுமுன், அந்த மாதம் அங்கே வள்ளம் கடலில் இறங்குமா என்று அந்த ஊர்க்காரரிடமே கேட்கிறேன். டண்டினொங் மார்க்கெட்டுக்குப் போகும்போது முகவர் அலுவலகத்துக்குள்ளும் நுழைகிறேன். டிக்கெட் வாங்கக் காத்திருப்பவர்களிடம், அவர் காதில் விழும்படி, என் மகளின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருகிறேன்.