விலாவில் பதிந்த கைகள்

எனக்கு ஆஸ்துமா. மூச்சை வெளியே விடும்போது விலாவில் கை வைத்து மெல்ல அழுத்தும் முறையை, குன்னூர் பிசியோதெரபி அம்மா என் கணவருக்குக் கற்றுத்தந்தார். தேயிலை ஃபேக்டரியில் காய்ப்பேறிய முரட்டுக் கைகள் அவருக்கு. பயமும் வெட்கமுமாக, "வேண்டாமுங்க" என்று தட்டிவிட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் மஞ்சூர் பஸ்ஸில் எனக்கு மூச்சு இழுத்தது. இன்ஹேலர் அடித்தும் பதற்றம் அடங்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் அவர் என் விலாவில் கை வைத்தார்.

"மெதுவா விடு புள்ள, நானும் கூடவே வர்றேன்."

இலை வாடிவிட்டதா என்று ஃபேக்டரியில் பிடித்துப் பார்ப்பாரே, அதே பதத்தில் அந்தக் கைகள் என் மூச்சோடு இறங்கின. நாலு வளைவு தாண்டுவதற்குள் நெஞ்சு இளகிவிட்டது.

இப்போதெல்லாம் நன்றாக இருக்கும் நாளிலும், "லேசா இழுக்குதுங்க" என்பேன். பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அடுப்பில் கையைச் சூடாக்கிக்கொண்டு வந்து உட்காருவார்.