பெயர் வெட்டுகிறவன் சைக்கிள்

பெயர் வெட்டுகிறவனுக்கு ஊரில் உள்ள எல்லார் பெயரும் தெரியும். அவன் பெயர்தான் ஊரில் யாருக்கும் தெரியாது.

காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடை வாசலில், சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, வாங்கிய சாமானில் எல்லாம் சொந்தக்காரர் பெயரை வெட்டிக் கொடுப்பது என் தொழில். இந்தப் பக்கத்தில் பெயர் இல்லாத பாத்திரம் அடுப்பேறாது. கல்யாணச் சீர் என்றால் குத்துவிளக்கிலிருந்து எண்ணெய்க் கரண்டி வரை அத்தனையிலும் பெயர் ஏறியாக வேண்டும். சைக்கிளைப் பறிகொடுத்துவிட்டு வெறும் சாவியோடு வீடு திரும்பிய அன்பர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நானும் உங்களில் ஒருவன். ஆனால் என் வண்டி திரும்பிய விதம் கொஞ்சம் வேறு.

மாதிரிப் புத்தகம்

அறுபதுகளின் நடுவில், பர்மாவை விட்டுக் கப்பலேறி வந்தவர்களில் ஒருவனாகக் காரைக்குடியில் வந்து இறங்கினேன். ரங்கூனில் அப்பா பொற்கொல்லர். என்னைத் தமிழும் இங்கிலீஷும் சொல்லித்தரும் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார். அதனால் இரண்டு எழுத்தும் என் உளிக்குப் பழக்கம். ஆனால் முன்பின் தெரியாத ‘பர்மாக்கார’னிடம் வெள்ளிச் செம்பைக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? முதல் ஐந்தாறு மாதம் வேலையே இல்லை. என்னிடம் இருந்த ஒரே உலோகச் சாமான் ஒரு பழைய சைக்கிள். கை மரத்துப் போகக்கூடாதென்று அதில் என் பெயரை வெட்ட ஆரம்பித்தேன். மு. சண்முகம். பெல்லில் மெல்லிய எழுத்து, செயின் கவரில் தடித்த எழுத்து, ஹேண்டில்பாரில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து, நடுக்கம்பியில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ். கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு, பெடல் கட்டை, பூட்டு ஒன்றையும் விடவில்லை. மட்கார்டு வெறும் தகரம்; ஒரு அடி கூடினால் ஓட்டைதான். அடியில் மணல் மூட்டையை வைத்து ஒரு முழுப் பகல் வெட்டினேன்.

வண்டியை நிறுத்தின இடத்திலெல்லாம் நாலு பேர் நின்று பார்த்தார்கள். அதுவே என் மாதிரிப் புத்தகம் ஆயிற்று. நெற்குப்பையில் ஒரு பெரிய வீட்டு ஆச்சி, மகள் கல்யாணத்துக்கு முந்நூறு சாமானுக்குப் பெயர் வெட்டக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டு வளவு முற்றத்துக்குள் வண்டியைத் தள்ளிவரச் சொல்லி, கோயில் தேரைச் சுற்றுவதுபோல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்:

“செயின் கவர்ல இருக்கற எழுத்தையே எல்லாத்துலயும் வெட்டுங்க ஆசாரி. பெல்லுல இருக்கறது வேண்டாம், அது சீக்காளி மாதிரி ஒல்லியா இருக்கு.”

பத்து நிமிஷம்

கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. வேலையை ஆரம்பிக்கும் முன் சாமியைக் கும்பிட்டு வரலாம் என்று கோவிலூர் போனேன். கோயில் வாசலில் பூக்காரி ஒருத்தி கடை விரித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் வண்டியைப் பூட்டி நிறுத்தினேன். உள்ளே பத்து நிமிஷம்கூட இருந்திருக்க மாட்டேன். வெளியே வந்தால் பூட்டு மட்டும் தரையில் கிடந்தது, மேலே என் பெயரோடு. நல்லவேளையாக உளிப் பையை உள்ளே எடுத்துப் போயிருந்தேன்.

பூக்காரியைக் கேட்டேன். ஆள் வந்ததையும், நிதானமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதையும் அவள் பார்த்திருக்கிறாள். ஏம்மா, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா என்றேன்.

“அவரு ஒவ்வொரு எடமா குனிஞ்சு பேரைப் படிச்சுப் பார்த்துட்டுத்தானே எடுத்தாரு. அவ்வளவு அக்கறையாப் பாக்கவும் அவரு வண்டிதான்னு இருந்துட்டேன்.”

அங்க அடையாளம்

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் நல்ல மனுஷர். பெஞ்சில் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். சைக்கிள் களவு போன புகார் என்றால் அவருக்கு ஒரே ஒரு தொந்தரவு: வண்டிக்காரர்கள் அடையாளம் சொல்லத் தெரியாமல் விழிப்பார்கள், “கறுப்பா இருக்கும் சார்” என்பார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. முன்சக்கரத்தில் ஆரம்பித்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். எந்தப் பாகத்தில் எந்த எழுத்து, எந்தப் பக்கம், தமிழா இங்கிலீஷா என்பதுவரை சொன்னேன். அவர் பாதித் தாள்வரை எழுதினார். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இம்புட்டு எடத்துல பேரு போட்டிருக்கீரே, ஏறி உக்கார எடம் விட்டிருந்தீரா?”

கல்லலில் ஒரு காலைப்பொழுது

போலீஸ் ஒரு பக்கம் தேடட்டும், நாமும் தேடுவோம் என்று கிளம்பினேன். என்னுடையதைப் போலவே ஒரு பழுப்பு வண்டியைக் கல்லல் பக்கம் பார்த்ததாக யாரோ சொல்ல, மறுநாள் காலை ரயிலில் அங்கே போய் இறங்கினேன். கடைத்தெரு முனையில் நின்று, வருகிற சைக்கிளை எல்லாம் கைகாட்டி நிறுத்தி, குனிந்து நடுக்கம்பியைப் பார்ப்பேன். பெயர் இல்லையென்றால் போகலாம் என்பேன். நான் பர்மாவிலிருந்து கொண்டுவந்த காக்கிக் கால்சட்டை போட்டிருந்ததும், கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்ததும் எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது தெரியவில்லை. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு வருஷா வருஷம் பஞ்சாயத்தில் லைசென்ஸ் எடுத்து, தகர வில்லையை வண்டியில் மாட்ட வேண்டும். மாட்டாதவர்கள்தான் அதிகம்.

முதலில் ஆறேழு வண்டி வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. தூரத்தில் வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வயல் வரப்பில் இறங்கினார்கள். இது சின்ன ஊர், சைக்கிளே இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். டீ வரவில்லை. கடைக்காரர் பக்கத்தில் வந்து, ரொம்ப மரியாதையாகக் குனிந்து கேட்டார்:

“சார், நீங்க எந்த ரயிலுக்குப் போறீக? நீங்க போனாத்தான் எங்க பால்காரன் ஊருக்குள்ள வருவான்.”

நியாயமான கேள்வி

சிரிப்பு அத்தோடு முடிந்தது. வண்டி இல்லாததால் வீடுகளுக்கு பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். உளிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போவது பெரிய கஷ்டமில்லை. கையில் காட்ட மாதிரி இல்லாததுதான் கஷ்டம். காரைக்குடியிலேயே ஒரு செட்டியார் வீட்டில், மருமகளுக்கு வந்த சீருக்குப் பெயர் வெட்ட ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வேலையைக் காட்டுங்கள் என்றார்கள். சைக்கிளில் வெட்டியிருந்தேன், அது களவு போய்விட்டது என்றேன். செட்டியார் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை மோட்டுவளையைப் பார்த்தார். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வாரத்தில் இன்னும் இரண்டு வீடும் அப்படியே கைநழுவியது. கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. நெற்குப்பை ஆச்சியும் வேறு ஆள் பார்ப்பதாகக் காதில் விழுந்தது.

ஒன்று சொல்கிறேன். ஊர் என்னை ‘பர்மாக்காரர்’ என்றுதான் கூப்பிட்டது. மு. சண்முகம் என்று ஒருவன் இருப்பது அந்தச் சைக்கிளில் மட்டும்தான் எழுதியிருந்தது. அது திரும்பாவிட்டால் கையிலிருந்த தொழிலும் போச்சு, பெயரும் போச்சு. வேலை இல்லை என்றபோது அந்தச் செட்டியார் கோபமாகச் சொல்லவில்லை, தாழ்வாகவும் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னார், அதனால்தான் இன்றும் மறக்கவில்லை:

“பேரு போட்டா பொருள் எங்கயும் போகாதுன்னுதானே போடுறோம். போட்ட உங்களுக்கே தங்கலைன்னா எங்களுக்கு எப்படித் தங்கும்?”

மணி வந்தது

மூன்று வாரம் ஆகியிருக்கும். பாத்திரக் கடை வாசலில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தேன். ஜவுளி மூட்டையைச் சைக்கிளில் வைத்து ஊர் ஊராக விற்கிறவர் ஒருவர் வந்தார். துண்டில் முடிந்திருந்த ஒரு சைக்கிள் பெல்லை எடுத்து என் முன்னால் வைத்தார். சந்தையில் சாக்கு விரித்து எவனோ விற்றானாம். “இதுல யாரு பேரோ இருக்கு. அதை அடிச்சுட்டு எம்பேரைப் போடுங்க” என்றார். ஆச்சி சீக்காளி என்று சொன்ன அதே ஒல்லி எழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு பழைய பித்தளைத் தம்ளரை எடுத்து, பெல்லை வலது பக்கம் வைத்துக்கொண்டு, அதே பெயரை அதே அளவில் வெட்டினேன். சுழி வளைந்த இடம் வரைக்கும் ஒன்றாக இருந்தது. அவர் தம்ளரைப் பார்த்தார், பெல்லைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்காமல் பெல்லை என் பக்கம் தள்ளிவிட்டார். பெயர் வெட்டத்தான் வேண்டும் என்று என்ன அவசரம் என்று கேட்டேன்.

“பேரு இல்லாத சாமானை எங்க வீட்டுக்காரி நடையேற விடமாட்டாண்ணே. இல்லேன்னா நான் ஏன் இங்குட்டு வாரேன்?”

இருந்த இடத்தில்

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. நான் கல்லலுக்கும் கோவிலூருக்கும் அலைந்தது வீண். முழு வண்டியாக விற்க வழியில்லாமல் திருடன் கழற்றிக் கழற்றி விற்கிறான். வாங்கினவனோ இந்த ஊர்க்காரன். வாங்கின கையோடு பெயர் வெட்டாமல் இருக்கமாட்டான். பெயர் வெட்ட என்னிடமோ, தெரு முனையில் இருக்கும் என் போட்டிக்காரரிடமோதான் வந்தாக வேண்டும். போட்டிக்காரரிடம் போய்ச் சொல்லிவைத்தேன். எனக்கும் அவருக்கும் அவ்வளவாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இருந்தாலும் முதலில் செயின் கவரை வாங்கிவைத்தது அவர்தான். அடுத்த வாரம் கேரியர் என்னிடமே வந்தது. ஹேண்டில்பாரை ஒரு கோயில் குருக்கள் கொண்டுவந்தார். மட்கார்டு, ஸ்டாண்டு, பெடல் கட்டை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கொண்டுவந்த ஒவ்வொருவருக்கும், அவர்கள் வேறு சாமான் வாங்கி வந்தபோது, கூலி வாங்காமல் பெயர் வெட்டிக் கொடுத்தேன். கடை முதலாளி தினமும் காலையில் கேட்பார், இன்றைக்கு என்ன வந்தது என்று. வீட்டில் ஒரு மூலையில் சைக்கிள் பாதி வளர்ந்து நின்றது. நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. செயின் கவரைக் கொண்டுவந்து கொடுத்தபோது என் போட்டிக்காரர் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்:

“கையெழுத்தைப் பார்த்ததுமே ஒம்மோடதுன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்கு வராதுங்கறது எனக்குத் தெரியாதா?”

மாப்பிள்ளை வண்டி

நெற்குப்பைக் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தச்சாசாரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பச்சைப் பெயின்ட் அடித்து, புதுச் சக்கரம் போட்ட வண்டி. மகளுக்கு வருகிற முகூர்த்தத்தில் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கொடுக்கத் திருப்பத்தூரில் ஒரு பழைய சைக்கிள் கடையில் வாங்கியதாம். அவருக்கு எழுதப்படிக்கத் தெரியாது. நடுக்கம்பியில் பெயின்டுக்கு அடியில் இருந்ததைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே பேசினார்: “கடையில ரெண்டு வண்டி நின்னுச்சுண்ணே. வெரல்ல இது தட்டுப்பட்டுச்சு. இழைப்புளி போட்டாப்புல ஒரே ஆழம், ஒரே இடைவெளி. இந்த வேலைக்காகத்தான் இதை எடுத்தேன். இதை வெட்டின கை யாருதுன்னு விசாரிச்சு வாரேன். அந்தக் கையாலதான் மாப்பிள்ளை பேரையும் வெட்டணும்.”

ரங்கூனிலும் காரைக்குடியிலும் என் எழுத்தைப் படித்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். படிக்கத் தெரியாத ஒருவர் விரலால் பார்த்து மெச்சியது அன்றுதான். அதோடு ஒரு பயமும் வந்தது. உண்மையைச் சொன்னால் அவர் மகள் கல்யாணத்துக்கு வண்டி இல்லை. சொல்லாவிட்டால் எனக்கு இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று அவரே கேட்டார். “என் பேருண்ணே” என்றேன். வீட்டு மூலையில் இருந்த பாகங்களையும் பூட்டையும் கொண்டுவரச் செய்து காட்டினேன். வண்டிக்கு அவர் கொடுத்ததை நான் கொடுத்துவிடுவதாகவும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வெகுநேரம் ஒவ்வொரு பாகமாக எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து, புதுச் சக்கரம் இரண்டையும் கழற்றித் தாருங்கள், வேறு ஃபிரேம் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

“அடுத்தவன் பேரு கெடக்குற வண்டியில எம் மாப்பிள்ளையை ஏத்த மாட்டேன். ஒங்க வண்டி ஒங்களுக்கு. ஆனா நான் கொண்டார வண்டியில மாப்பிள்ளை பேரு இதைவிட ஒசத்தியா இருக்கணும்.”

நாலாம் நாள் அவர் வேறொரு வண்டியோடு வந்தார். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வெட்டினேன். அது என் பெயரைவிட உசத்தியாகத்தான் வந்தது. அவரும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மறுநாளே வேறு சக்கரமும் சீட்டும் வாங்கிப் போட்டு, என் சைக்கிளை நெற்குப்பைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஆச்சி இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார்கள். முந்நூறு சாமானும் முகூர்த்தத்துக்கு முன்னால் முடிந்தது. பெயர் போட்ட பொருள் போகாது என்று ஊரே இப்போது என் வண்டியைக் காட்டித்தான் சொல்கிறது.

பெயர் வெட்ட இடம்கொடுக்காத மூன்று மட்டும் இன்றுவரை திரும்பி வரவில்லை: தோல் சீட்டு, ரப்பர் டயர், அந்தத் திருடன்.