இடது பக்கம் என்ன இருக்கு?

மருந்து பாட்டில் தயாரிக்கும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் பெல்ட்டுக்கு முன்னால் நின்றவள் அவள். ஓடிவரும் பாட்டிலில் முடியளவு விரிசல் இருந்தாலும் கை தானாகப் போய் எடுத்துவிடும். 'கழுகு' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

நாற்பத்தேழு வயதில் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கை கால் பிழைத்தன. இடப்பக்கப் பார்வை மட்டும், இரண்டு கண்ணிலும், போயே போய்விட்டது. கதவு நிலை, நாற்காலி, எதிரே வருகிற ஆள் என்று எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டாள்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை, ஒரு துண்டை அக்காவின் இடப்பக்கமாகக் கூடைக்கு வீசினாள். அக்கா சட்டென்று தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அப்போ துண்டு தெரிஞ்சுதா?"

"எந்தத் துண்டு?"

"நடிக்காதேக்கா."

அன்றைக்கு இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுவாரம் தங்கையே டாக்டரம்மாவிடம் போட்டு உடைத்தாள். அவர் அக்காவைத் திரையின் நடுவே பார்க்கச் சொல்லி, இடப்பக்கம் ஒவ்வொரு கோடாகக் காட்டினார்.

"கோடு நிக்குதா, படுத்திருக்கா?"

"ஒண்ணுமே தெரியலையே, என்னத்தைச் சொல்றது?"

"வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க."

நூறு தடவையில் ஐம்பத்தெட்டு சரி. குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி வந்துவிடும். அடுத்த சுற்றில், கோடு வருமுன் நடுவில் ஒரு அம்புக்குறி வந்தது. "கண்ணைத் திருப்பாதீங்க. அம்பு காட்டுற இடத்துல மனசை மட்டும் வைங்க" என்றார். இந்தத் தடவை எண்பத்தொன்று சரி.

"சத்தியமா நான் எதையும் பார்க்கலைம்மா!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"பார்க்கலைதான். ஆனா வேற சந்துபொந்து வழியா மூளைக்குக் கொஞ்சம் போய்ச் சேருது. கவனம் வச்சா கூடுதலாச் சேருது. இதை நம்பி ரோட்டைத் தாண்டிடாதீங்க, தலையைத் திருப்பிப் பாருங்க."

வெளியே வந்ததும் தங்கை தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நீ நடிக்கிறேன்னு சொல்லிட்டேன்க்கா."

"விடு. எனக்கே அப்படித்தானே தோணுது."

அதிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் ஒரு கணம் நின்று, 'இடது பக்கம் என்ன இருக்கு?' என்று மனசுக்குள் கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். காயங்கள் குறைந்தன. போனில் பேசிக்கொண்டே நடந்தால் மட்டும் பழையபடி தூணில் போய் மோதுவாள்.

அந்தத் தெம்பில் மேனேஜரைக் கெஞ்சிப் பழைய இடத்தைக் கேட்டாள். அவர் சோதனைக்காக விரிசல் பாட்டில் இருபதைக் கலந்து ஓடவிட்டார். பதினேழை எடுத்தாள்.

"பரவாயில்லையே, ரெண்டு நாள்ல பழகிடும்" என்றார் அவர்.

அவள் கையுறையைக் கழற்றினாள். "மருந்து ஊத்துற பாட்டில் சார். மூணு போனது எனக்குத் தெரியவே இல்ல. எடுத்ததுலயும் எது பார்த்து எடுத்தேன், எது குத்துமதிப்பா எடுத்தேன்னு எனக்கே சொல்லத் தெரியல. இது வேணாம்."

பேக்கிங் பிரிவுக்கு மாற்றிக்கொடுத்தார்கள். முதல் வேலையாக, இடப்பக்கம் சுவர் வரும்படி மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.