கூடையில் இருந்தால் சாப்பாடு

காரைக்கால் கடைத்தெருவில் நூடுல்ஸ் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்திருந்த இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எனக்கு பிரஷர் வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, பதப்படுத்திய உணவுகளைக் குறைக்கச் சொன்னார். அவற்றில் உப்பு அதிகமாம். நான் பலமாகத் தலையாட்டினேன். புரியாத பேச்சுக்குத்தான் நான் அப்படி ஆட்டுவேன் என்பது கூட வந்த என் மனைவிக்குத் தெரியும், பாவம், டாக்டருக்குத் தெரியாது.

நான் கருவாட்டு வியாபாரி. மண்டபத்தூரில் சரக்கெடுத்து, சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தேன். மீனைக் கீறி உப்பு வைத்து வெயிலில் காயவிடுவதை எங்கள் பக்கம் 'கருவாடு போடுவது' என்போம். பதப்படுத்துவது என்பது ஏதோ தொழிற்சாலையில் தொப்பி போட்டவர்கள் செய்யும் காரியம் என்றே நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குள் புகுந்தேன். பிள்ளைகளின் நூடுல்ஸ், சிப்ஸ், சாஸ் பாட்டில், துபாயிலிருந்து மச்சான் அனுப்பிய பால் பவுடர் எல்லாம் வெளியே போயின. ஓட்ஸ் டப்பாவை எதிர்வீட்டு மாட்டுக்குக் கொட்டினேன். என் வைத்தியத்தால் தெருவில் பலன் பெற்ற ஒரே ஜீவன் அந்த மாடுதான்.

அதன்பின் நான் சுத்தபத்தமாகிவிட்டேன். காலையில் பழைய சோற்றுக்குச் சுட்ட நெத்திலிக் கருவாடு, மதியம் வாளைக் கருவாட்டுக் குழம்பு, ராத்திரி மோர்சாதத்துக்கு வடுமாங்காய். மனைவி வழக்கம்போல் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து உப்பை எடுக்கப் போனால், சத்து போய்விடும் என்று தடுத்தேன். கடைக்கு வந்தவர்களுக்கும் உபதேசம் செய்தேன். வியாபாரம் நன்றாகவே நடந்தது.

அடுத்த மாதம் பார்த்தால் பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. பாக்கெட்டையே தொடுவதில்லை என்று டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். நான் என்னென்ன சாப்பிடுகிறேன் என்பதை மனைவி பக்கத்தில் இருந்து சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கருவாடும் ஊறுகாயும் பதப்படுத்தியவைதான், பதப்படுத்தியதெல்லாம் கெட்டதும் இல்லை, உப்பைத்தான் பார்க்க வேண்டும், ஓட்ஸ்கூடச் சாப்பிடலாம் என்றார். எனக்கு மாட்டின் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்தும் என் வாய் அடங்கவில்லை. கருவாடு கடலில் இருந்து கூடையில் வருவது, அதைப் போய் பாக்கெட்டோடு சேர்க்கலாமா என்று வாதாடினேன். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு அதே கருவாட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு, மெழுகுவர்த்தியில் ஓரத்தை ஒட்டிக் கொடுப்பவனும் நான்தான்.

"கூடைல இருந்தா சாப்பாடு, கவர்ல போட்டா வெஷமாங்க?" என்றாள் மனைவி.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அப்பா பிரஷரைக் கவனிக்காமல் விட்டு, பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்து இறந்துபோனவர்.

"எங்கப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுன கைங்க இது. வாய் கோணிக்கிட்டு, ஊட்டுனதுல பாதி வெளில வழியும். இன்னொரு தடவ என்னால முடியாது."

எனக்குத் தலையாட்டக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் கடையைப் பூட்டிக்கொண்டு வரும்போது ஓட்ஸ் டப்பா ஒன்று வாங்கி, எதிர்வீட்டு மாட்டின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். அவள் உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சி எடுத்து வந்தாள். வாயில் வைக்க விளங்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்ததால், ஸ்பூனை நானே பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் சாப்பிட்டு முடித்தேன்.