பத்தாவது வாக்கியம்

'அஃப்ரெய்ட்' என்கிற வார்த்தையைச் சொல்லிக்கொடுத்த டீச்சர்மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பாவம், அவர் பாடத்தைத்தான் நடத்தினார். முதலில் ஆள், நடுவில் அஃப்ரெய்ட், அதற்குப் பின்னால் ஆஃப், கடைசியில் எதைக் கண்டு பயமோ அது, இவ்வளவுதான் இங்கிலீஷ் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினார். ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ். ஷி இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் ஸ்நேக்ஸ். ஆறாம் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் பயந்தோம். அதே மாதிரி பத்து வாக்கியம் வீட்டில் எழுதி வரச் சொன்னார். புத்தகத்தைப் பார்த்து எழுதக் கூடாது, உங்கள் வீட்டு ஆட்களைப் பற்றி உண்மையாக எழுத வேண்டும் என்று வேறு சொல்லிவிட்டார்.

உண்மைக்கா பஞ்சம்? எனக்குப் பல்லி, தம்பிக்கு ஊசி, அம்மாவுக்கு இடி என்று ஒன்பது எழுதிவிட்டேன். பத்தாவதுக்கு ஆள் சிக்கவில்லை. அந்நேரம் பார்த்து வாசலில் முதலாளியின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அப்பா சட்டென்று பீடியைக் காலடியில் போட்டு மிதித்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். கிடைத்துவிட்டது! மை ஃபாதர் இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் ஹிஸ் ஓனர். டீச்சர் பத்துக்கும் சிவப்பு மையில் டிக் அடித்து 'குட்' போட்டுக் கொடுத்தார்.

அப்பா சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோனில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். குடோனை ஒட்டி எட்டு லைன் வீடுகள். எட்டும் முதலாளியுடையவை, அதில் ஒன்றில்தான் நாங்கள் இருந்தோம். அந்த வருஷம் எல்லா வீட்டிலும் ஓடு உடைந்து ஒழுகியது. ஆயுத பூஜை முடிந்து முதலாளி நல்ல மனநிலையில் இருக்கும்போது ஓடு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுவிடுவது என்று தறிக்காரர்கள் பேசி வைத்திருந்தார்கள். கேட்கப்போகிறவர் அப்பா. எட்டு வீட்டிலும் பேசத் தெரிந்த ஆள் அவர்தான் என்று எல்லோருக்கும் நம்பிக்கை.

எங்கள் புத்தகங்களையும் குடோனில்தான் பூஜைக்கு வைப்போம். பூஜையன்று காலை நான் கணக்குப் புத்தகத்தை வீட்டில் எடுத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் கணக்குப் புத்தகம் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

"அப்பா உன்ற இங்கிலீஸ் நோட்டெக் கொண்டுபோயிட்டாரு கண்ணு," என்றாள் அம்மா. "செவப்பு மையில குட்டுனு போட்டிருக்குதாமா. மொதலாளி கண்ணுல படட்டும்னு சொன்னாரு."

அந்த நோட்டில்தான் பத்தாவது வாக்கியம் இருந்தது. முந்தின வருஷம் கடைசி வீட்டுக்காரர் முதலாளியை எதிர்த்து ஒரே ஒரு வார்த்தை பேசினார். சாயங்காலம் அவர்கள் பாத்திரம் பண்டமெல்லாம் ரோட்டில் கிடந்தது. நானோ பேனாவால் எழுதியே கொடுத்திருக்கிறேன்!

ஈரத் தலையோடு ஓடினேன். எப்போதும் காதைக் கிழிக்கிற தறிகளெல்லாம் மாலை போட்டுக்கொண்டு சும்மா நின்றன. அந்த அமைதியே பயமாக இருந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால், எல்லா நோட்டுக்கும் மேலே, அட்டையில் சந்தனமும் குங்குமமும் வைத்து என் நோட்டு. மெதுவாகக் கை நீட்டினேன்.

"அட, தொட்டுப்போடாதே கண்ணு!" என்றார் முதலாளியின் சம்சாரம். "சாமிகிட்ட வெச்சதெ நாளைக்கு மறுபூஜை முடிஞ்சுதான் எடுக்கோணும்." நீட்டிய என் கையில் ஒரு பிடி பொரியைப் போட்டார்.

அப்பாவிடம் போனேன். "அந்த நோட்டு வேண்டாங்கப்பா. வேற வெக்கலாங்கப்பா."

"ஏனுங்க அம்மணி, நல்லாத்தானே எழுதியிருக்கறே?" என்று சிரித்தார். அப்பா இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்; அந்த 'குட்'டைக்கூட நான்தான் படித்துக் காட்டியிருந்தேன். விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று முழுக்க ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. முதலாளிக்குக் காய்ச்சல் வரட்டும், நோட்டை எலி கடிக்கட்டும் என்று அதே சரஸ்வதியிடம் வேண்டிக்கொண்டேன்.

காய்ச்சலும் வரவில்லை, எலியும் வரவில்லை. மறுநாள் காலை கற்பூரம் காட்டி முடிந்ததும் முதலாளி வழக்கம்போல நோட்டுகளை எடுத்தார். அவர் கோயமுத்தூரில் காலேஜ் படித்தவர். பிள்ளைகளின் நோட்டைப் பிரித்து, எல்லோர் முன்னாலும் நாலு வரி படித்துவிட்டுத்தான் கொடுப்பார். முதல் நோட்டே என்னுடையது. அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பல்லி தாண்டியது. ஊசி தாண்டியது. கடைசி வரியில் நின்றுவிட்டது.

இங்கிலீஷில் சத்தமாகப் படித்தார். "இதுக்கு என்ன அர்த்தம் கண்ணு? நீயே சொல்லு."

"எங்கப்பாவுக்கு... உங்க மேல ரொம்ப மரியாதைங்க."

"பயம்னு எழுதிப்போட்டு மரியாதைங்கறே!" முதலாளி குடோன் அதிரச் சிரித்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "ஏனப்பா, எம்மேல உனக்கு அத்தனை பயமா?" என்றார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பெரியவர்கள் எதைக் கேட்டாலும் வாயில் முதலில் வருவது ஒன்றுதான். யோசிப்பதெல்லாம் அப்புறம்.

"ஆமாங்க," என்றார் அப்பா.

கூட்டமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். முதலாளி தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்து, உண்மை எழுதுகிற பிள்ளை நன்றாக வரும் என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. பாத்திரங்கள் ரோட்டுக்கு வரப்போவதில்லை! நான் பொரியை அள்ளி அள்ளித் தின்றேன்.

முதலாளி வண்டியை எடுக்கும்வரை அப்பா பக்கத்திலேயே நின்றார். வண்டி போனதும் மற்றவர்கள் சுற்றி வந்தார்கள். "ஓட்டைப் பத்திக் கேட்டுப்போட்டீங்களா?" என்றார் ஒருவர்.

"இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

பின்னாலிருந்து யாரோ, "அஃப்ரெய்ட்டாமா," என்று மெதுவாகச் சொன்னார்கள். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அப்பா சிரிக்கவில்லை.

இன்னொரு நாள் வரவே இல்லை. ஐப்பசி மழையில் எட்டு வீடும் ஒழுகியது. அதன் பிறகு எதற்காகவும் யாரும் அப்பாவை முன்னால் போய்ப் பேசச் சொல்லவில்லை. முதலாளி அன்று கோபப்பட்டிருந்தால் அப்பாவும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார் என்று இந்த வயதில் தோன்றுகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் நாங்கள் தப்பித்துவிட்டோம் என்பதுதான். முதலாளியே சிரித்துவிட்டாரே, பிறகு அப்பா ஏன் தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறார் என்று அம்மாவிடம் கேட்டேன்.